சைடு விங்கிலிருந்து: ஃப்ரெய்னும் மத்தி மீன் தட்டும்

போன இதழில், 'நகைச்சுவை நாடகம் எழுத ஆசைப்படுகிறவர்கள் மைக்கேல் ஃப்ரெய்னைப் படித்துவிட்டுப் பேனாவைத் தொடுங்கள்' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி, 'யார் அந்த ஆள்?' மீதிப் பாதி, 'கிரேஸி மோகனை விடவா?' சரி, இந்த இதழ் முழுக்க ஆங்கில நாடகாசிரியர் ஃப்ரெய்னுக்கே. என்னைப் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு: புதுச்சேரியிலும் கடலூரிலும் அமெச்சூர் நாடகங்களுக்குப் பிராம்ப்டராகவும் (நடிகர் மறந்த வசனத்தை மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பவர்) மேடை நிர்வாகியாகவும் இருந்தே தலை நரைத்தவன். பார்த்த நாடகங்களில் முக்கால்வாசியை மேடையின் பக்க மறைவான சைடு விங்கிலிருந்துதான் பார்த்தேன். அதனால் பதில்கள் கொஞ்சம் பக்கவாட்டாகத்தான் வரும்.

கேள்வி: ஃப்ரெய்ன் சினிமாக்காரரா, நாடகக்காரரா? எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார்? (நெல்லிக்குப்பம் வாசகி)

இரண்டும்தான் அம்மா. ஆனால் அதற்கு முன்னால் பத்திரிகைக்காரர். 1933ல் லண்டனில் பிறந்தார். அப்பா அஸ்பெஸ்டாஸ் விற்பனைப் பிரதிநிதி, காது சரியாகக் கேட்காது. இவருக்கு 12 வயதாகும்போது அம்மா தவறிவிட்டார். கட்டாய ராணுவ சேவைக்குப் போனவரை ரஷ்ய மொழி படிக்க வைத்தார்கள். அந்த ரஷ்ய மொழிதான் பிற்காலத்தில் செகாவ் நாடகங்களை மூலத்திலிருந்தே மொழிபெயர்க்கக் கைகொடுத்தது. பிறகு கேம்பிரிட்ஜில் தத்துவப் படிப்பு.

கேம்பிரிட்ஜில் மாணவர்கள் நடத்தும் ஃபுட்லைட்ஸ் என்ற நகைச்சுவைக் குழு ரொம்பப் பிரபலம். 1957ல் அவர்கள் போட்ட நிகழ்ச்சியில் பெரும்பகுதியை எழுதியவர் இவர். நன்றாக ஓடினால் அந்த நிகழ்ச்சி லண்டனுக்குப் போவது உண்டு. இவருடையது போகவில்லை. மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாடகம் என்ற பக்கமே தலைவைத்துப் படுக்காமல் பத்திரிகைக்குப் போனார். முதலில் கார்டியன், 1962 முதல் அப்சர்வர். வாராவாரம் நையாண்டிப் பத்தி. அதில் நாடகக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. நடுவில் நாவல்கள் வேறு: 1965ல் 'தி டின் மென்', 1967ல் பத்திரிகை அலுவலகத்தையே வைத்து 'டுவர்ட்ஸ் தி எண்ட் ஆஃப் தி மார்னிங்'.

மேடைக்கு அவர் வந்து சேர்ந்தது 1970ல், 37 வயதை நெருங்கும்போது. நம் ஊரில் அந்த வயதில் குழுவைக் கலைத்துவிட்டு வங்கி வேலையோடு நின்றுவிடுவார்கள். 'தி டூ ஆஃப் அஸ்' என்று நான்கு குறுநாடகங்கள், லண்டன் காரிக் தியேட்டரில். விமரிசகர்கள் சிலாகிக்கவில்லை. அதன் பிறகும் விடாமல் எழுதினார். 1975ல் 'ஆல்ஃபபெடிகல் ஆர்டர்', பத்திரிகைச் செய்தித் துண்டுகளை வெட்டி வைக்கும் நூலக அறை ஒன்றில் நடக்கும் கதை. 1976ல் 'டாங்கீஸ் இயர்ஸ்', பழைய மாணவர் சந்திப்புக்கு வந்த பெரிய மனிதர்கள் ஒரே ராத்திரியில் மானம் இழக்கும் கூத்து. அந்த வருடத்தின் சிறந்த நகைச்சுவை நாடகம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. கவனித்தீர்களா, தனக்குத் தெரிந்த இடங்களைத்தான் முதலில் எழுதினார். பத்திரிகை ஆபீஸ், காலேஜ். வாழ்க்கையில் ஒரு முறைகூட அரண்மனைக்குள் போகாமல் அரண்மனை நாடகம் எழுதும் தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: 'நாய்சஸ் ஆஃப்' நாடகத்தில் ஒரே காட்சியை மூன்று தடவை போடுகிறார்களாமே? போர் அடிக்காதா? (முத்தியால்பேட்டை, நிகழ்கலை மாணவர்)

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் அது பிறந்த கதை. 1970ல் அந்த நான்கு குறுநாடகங்களிலும் நடித்தது இரண்டே பேர்: லின் ரெட்கிரேவ், ரிச்சர்ட் பிரையர்ஸ். கடைசி நாடகத்தில் ஒரு விருந்து. வீட்டுக்காரர், விருந்தாளி எல்லோரும் இந்த இருவர்தான். ஒரு கதவு வழியாகப் போய், உடுப்பை மாற்றி, இன்னொரு கதவு வழியாக வேறு ஆளாக வரவேண்டும். ஒரு நாள் ஃப்ரெய்ன் அதை முன்னாலிருந்து பார்க்காமல் பின்னாலிருந்து பார்த்தார். மேடையில் நடப்பதை விட, பின்னால் சட்டையைக் கிழிக்காத குறையாகக் கழற்றிக்கொண்டு ஓடுவதுதான் பெரிய சிரிப்பு என்று தோன்றியது. என்றைக்காவது பின்பக்கத்திலிருந்து ஒரு நாடகம் எழுதவேண்டும் என்று முடிவு செய்தார்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு லண்டன் தேவையில்லை. பண்ருட்டிப் பக்கம் தெருக்கூத்து நடக்கும் ராத்திரி, பெரியவர்கள் முன்னால் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். வால் பையன்கள் மட்டும் வேஷம் கட்டும் இடத்துக்குப் போய்விடுவார்கள். துரியோதனன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பீடி பிடிப்பான். திரௌபதி வேஷக்காரர் முகத்துச் சாயம் கலையாமல் டீயை அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். 'சீக்கிரம், சீக்கிரம், கட்டியங்காரன் கூப்பிட்டுட்டான்' என்றதும் பீடி காதுக்கு மேலே ஏறும், கிரீடம் தலைக்கு ஏறும். அந்தப் பையன்கள் பார்த்ததைத்தான் ஃப்ரெய்னும் பார்த்தார்.

1977ல் ஒரு தர்ம நிகழ்ச்சிக்காக அந்த யோசனையைக் குறுநாடகமாக எழுதினார். அதைப் பார்த்த தயாரிப்பாளர் மைக்கேல் காட்ரன், இதை முழு நாடகமாக்கிக் கொடு என்றார். முழு நாடகம் மேடை ஏறியது 1982ல், லண்டன் ஹாமர்ஸ்மித் லிரிக் தியேட்டரில். இயக்கியவர் மைக்கேல் பிளேக்மோர். அங்கிருந்து சவாய் தியேட்டருக்கு மாறி, வருடக்கணக்கில் ஓடியது. 1983ல் நியூயார்க்கின் பிராட்வே போனது. (சங்கரதாஸ் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று சொல்வார்கள். கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அவருடைய ஒரு ராத்திரி, ஃப்ரெய்னின் பன்னிரண்டு வருடம் என்று இந்த இரண்டு வேகங்களும் ஞாபகத்துக்கு வரும்.)

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாடகத்துக்குள்ளே ஒரு நாடகம், பெயர் 'நத்திங் ஆன்'. ஊர் ஊராகப் போகும் சுமாரான குழு ஒன்று போடும் சுமாரான கேலி நாடகம். முதல் அங்கத்தில் அதன் கடைசி ஒத்திகை. மறுநாள் முதல் காட்சி, நள்ளிரவு தாண்டுகிறது, யாருக்கும் எதுவும் சரியாக வரவில்லை. வேலைக்காரி வேஷம் போடும் டாட்டி என்ற மூத்த நடிகை, டெலிபோனை எப்போது வைப்பது, மத்தி மீன் தட்டை எடுத்துப் போவதா விட்டுப் போவதா என்று குழம்புகிறார். இருட்டில் உட்கார்ந்திருக்கும் இயக்குநர் பொறுமையாக, அப்புறம் பொறுமை இல்லாமல், திருத்துகிறார். மீன் தட்டு, டெலிபோன், செய்தித்தாள், பை, கதவு. எது எப்போது எங்கே இருக்கவேண்டும் என்று பார்வையாளருக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது.

இரண்டாவது அங்கத்தில் செட்டையே திருப்பிவிடுகிறார்கள். இப்போது நாம் பார்ப்பது தட்டியின் முதுகு. ஒரு மாதம் கழித்து, வேறு ஊர், பகல் காட்சி. அதே காட்சி அந்தப் பக்கம் நடக்கிறது. வசனம் மட்டும் நம் காதில் விழுகிறது. இந்தப் பக்கம் காதல், பொறாமை, சண்டை. ஒருவர் இன்னொருவரின் ஷூ நாடாவை முடிச்சுப் போடுகிறார். தீயணைப்புக் கோடரி கைமாறுகிறது. வயதான நடிகருக்கு எட்டாமல் விஸ்கி பாட்டிலை ஒளிக்கப் பார்க்கிறார்கள். யாராலும் வாய்விட்டுக் கத்த முடியாது, அந்தப் பக்கம் ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்களே! அதனால் அத்தனை கோபமும் கையிலும் காலிலும் முகத்திலும்தான். வசனம் வரும் நேரம் வந்தால், கொலைவெறியோடு நிற்பவரும் சட்டென்று முகத்தை மாற்றிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகவேண்டும். பிரதியில் அந்த அங்கத்துக்குப் பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒன்றில் மேடை வசனமும் இன்னொன்றில் பின்னணி அசைவும் எழுதியிருப்பார். படிக்கக் கண்ணைக் கட்டும். நடித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

மூன்றாவது அங்கம் சுற்றுப்பயணத்தின் கடைசி ஊர். மறுபடி முன்பக்கம். இப்போது எல்லாமே சரிந்துவிட்டது. கதவு திறக்கவில்லை, தட்டு தப்பான இடத்தில், ஆள் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. ஆனாலும் திரை விழும்வரை நிறுத்தக் கூடாது.

போர் அடிக்குமா என்று கேட்டீர்கள். முதல் அங்கத்தில் கொஞ்சம் அடிக்கும். அது அவர் தெரிந்தே செய்தது. அங்கே சரியான வரிசையை நம் மனசில் ஏற்றாவிட்டால், பின்னால் எது தப்பு என்று நமக்கு எப்படித் தெரியும்? சிரிக்கும் ஜனங்கள் எல்லோருமே அந்த நிமிடம் பிராம்ப்டர்கள்தான். அவர்களுக்கு நடிகர்களை விட நன்றாகப் பிரதி தெரியும். மற்ற நகைச்சுவை எழுத்தாளர்கள் ஜோக்கை வாயில் வைப்பார்கள். இவர் பார்க்கிறவர் ஞாபகத்தில் வைத்தார். என் தனிப்பட்ட அபிப்பிராயம், இரண்டாவது அங்கத்தின் உயரத்தை மூன்றாவது தொடுவதில்லை. அவரும் சும்மா விடவில்லை, பிரதியைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். 2000ல் லண்டன் தேசிய நாடக அரங்கில் மறுபடி போட்டபோதும் புதுத் திருத்தம் வந்தது.

ஒன்றை மட்டும் சொல்லி இதை முடிக்கிறேன். அந்த நாடகத்தில் டிம் ஆல்குட் என்று ஒரு மேடை நிர்வாகி. தூக்கமில்லாமல் செட் போட்டவன், கதவை ரிப்பேர் செய்பவன், யாராவது வராவிட்டால் திருடன் வேஷத்தையும் மாட்டிக்கொள்பவன். திட்டு எல்லாம் அவனுக்கு, கைதட்டல் ஒன்றும் கிடையாது. உலக நாடக இலக்கியத்தில் எங்கள் ஜாதிக்கு ஒருவர் மரியாதை செய்திருக்கிறார் என்றால் அது ஃப்ரெய்ன்தான்.

கேள்வி: அவர் சினிமாவுக்கு எழுதியது எது? 'நாய்சஸ் ஆஃப்' படமாகவும் வந்து ஓடவில்லை என்கிறார்களே? (மஞ்சக்குப்பம் வாசகர்)

சினிமாவுக்கென்றே அவர் எழுதியதில் பேர் வாங்கியது 'கிளாக்வைஸ்', 1986. ஜான் க்ளீஸ் நாயகன். நேரம் தவறாமையை மதமாகவே வைத்திருக்கும் தலைமையாசிரியர். அவர் பள்ளியின் பெயரே தாமஸ் டாம்பியன், பழைய காலத்துக் கடிகாரக் கலைஞர் ஒருவரின் பெயர். பெரிய பெரிய பள்ளித் தலைமையாசிரியர்களின் மாநாட்டுக்குத் தலைவராக, நார்விச் போய்ப் பேசவேண்டும். மனிதர் தப்பான ரயிலில் ஏறிவிடுகிறார். பேச்சு எழுதி வைத்த தாள் ரயிலோடு போய்விடுகிறது. அப்புறம் ஒரு மாணவியின் காரில் ஏறி ஊர் ஊராக அலைந்து, உடையும் போய், மரியாதையும் போய், மேடை ஏறுகிறார். விழுப்புரம் ஜங்ஷனில் புதுச்சேரி பாசஞ்சர் என்று நினைத்து மயிலாடுதுறை வண்டியில் உட்கார்ந்து, வளவனூருக்குப் பதில் பண்ருட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தை நான் விளக்கவே வேண்டாம்.

தொலைக்காட்சிக்கு எழுதிய 'ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட்' (1989) வேறு தினுசு. ஓய்வு பெற்ற ஒருவர் பிரிட்டனின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போகிற கதை. சர்வதேச எம்மி விருது வாங்கியது.

'நாய்சஸ் ஆஃப்' படம் 1992ல் வந்தது. பீட்டர் பக்டனோவிச் இயக்கம். மைக்கேல் கெய்ன், கரோல் பர்னெட் என்று பெரிய பட்டாளம். அதற்குத் திரைக்கதை இவர் எழுதவில்லை. ஏன் ஓடவில்லை? நடிகர்கள் குறை வைக்கவில்லை. அரங்கில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஆள் நிஜமாகவே மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, தட்டைப் பிடித்து, சரியான நொடியில் கதவைத் திறந்தாக வேண்டும், தவறினால் தவறியதுதான். நமக்கே வயிற்றைக் கலக்கும், அந்தக் கலக்கத்தில்தான் சிரிப்பு பீறிடும். சினிமாவில் எடிட்டர் இருக்கிறார், இன்னொரு டேக் இருக்கிறது என்று நம் மூளைக்குத் தெரியும். வயிறு கலங்காது.

கேள்வி: கிரேஸி மோகனை விட அவர் உசத்தியா? (வில்லியனூர், லாஸ்பேட்டை, பண்ருட்டியிலிருந்து பலர்)

சண்டை மூட்டாதீர்கள். மோகனின் 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' 1976ல் மேடை ஏறியது. அதே வருடம்தான் லண்டனில் 'டாங்கீஸ் இயர்ஸ்'. இரண்டு பேருமே மேடையிலிருந்து சினிமாவுக்கும் போனவர்கள், மேடையை விடாதவர்கள். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மோகன் கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். எழுதியதோ வார்த்தை விளையாட்டு. ஃப்ரெய்ன் தத்துவம் படித்தவர். எழுதியதோ கச்சிதமான எந்திரம். மோகன் வசனத்தை ரேடியோவில் கேட்டாலும் சிரிக்கலாம். ஃப்ரெய்னைக் கண்ணால் பார்த்தாகவேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் இருவரும் சேர்கிறார்கள்: மீன். 'மைக்கேல் மதன காமராஜ'னில் கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிட, சமையல்கார காமேஸ்வரன் படும் பாட்டை யார் மறப்பார்கள்? இருக்கக்கூடாத இடத்தில் ஒரு மீன் இருந்தால் போதும், பாதி நாடகம் தானாக நடக்கும்.

கேள்வி: இவ்வளவு வெற்றிக்குப் பிறகு தோல்வியே வரவில்லையா? (பாகூர் வாசகர்)

வராமலா? பின்பக்கத்தைக் காட்டி ஜெயித்தவர், அடுத்து பார்வையாளர்களையே மேடையில் உட்காரவைத்தார். 1990ல் 'லுக் லுக்'. நடிகர்கள் நாடகம் பார்க்கும் ஜனங்களாக நம்மைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். சில வாரங்களிலேயே மூடவேண்டியதாயிற்று. நாடகம் பார்க்க வந்தவருக்கு நடிகரின் ரகசியம் வேண்டும். தன் ரகசியம் எதற்கு?

ஆனால் எட்டு வருடம் கழித்து அவர் கொண்டுவந்தது 'கோபன்ஹேகன்'. சிரிப்பு நாடகமே இல்லை. 1941ல் அணு விஞ்ஞானிகள் நீல்ஸ் போரும் ஹைசன்பெர்க்கும் சந்தித்தபோது என்ன பேசினார்கள் என்று மூன்றே பாத்திரங்கள் பேசிப் பேசித் தேடுவது. 2000ல் சிறந்த நாடகத்துக்கான அமெரிக்காவின் டோனி விருது. உற்றுப் பார்த்தால் அதிலும் ஒரே சந்திப்பு மறுபடி மறுபடி நடக்கிறது. மத்தி மீன் தட்டுக்குப் பதில் அணுகுண்டு, அவ்வளவுதான்.

கேள்வி: காமெடி எழுதுகிறவர்கள் வீட்டில் சிரிப்பார்களா? (அரியாங்குப்பம் வாசகி)

அவர் மனைவி கிளேர் டோமலின், டிக்கன்ஸ் உட்படப் பல எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். பிறத்தியார் வீட்டு ரகசியம் தோண்டுவதில் கெட்டிக்காரர். அவரைத்தான் கேட்கவேண்டும்.

கேள்வி: எங்கள் குழு 'நாய்சஸ் ஆஃப்' நாடகத்தைத் தமிழில் போட நினைக்கிறது. என்னென்ன தேவை? மீனுக்குப் பதில் வடை வைத்துக்கொள்ளலாமா? (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

முதல் தேவை அனுமதி. காப்புரிமை உள்ள நாடகம். தமிழாக்கத்துக்கும் மேடையேற்றத்துக்கும் ஆசிரியர் தரப்பில் எழுத்துபூர்வமாக வாங்கி, ராயல்டி கட்டவேண்டும். 'கடலூரில் போட்டால் லண்டனுக்குத் தெரியவா போகிறது' என்று யாராவது சொன்னால் அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, தச்சர். நடிகருக்கு முன்னால் தச்சரைப் பிடியுங்கள். இரண்டு தளம், நிஜமாக ஏறி இறங்கும் மாடிப்படி, நிஜமாகச் சாத்தித் திறக்கும் கதவுகள். படுதாவில் கதவு வரைந்து வேலைக்கு ஆகாது. இடைவேளையில் மொத்தத்தையும் திருப்பவேண்டும். நம் பக்கத்து ஹால்களில் சுழல் மேடை எதிர்பார்க்காதீர்கள். செட்டைத் துண்டு துண்டாக இரும்புச் சட்டத்தில் கட்டி, அடியில் பூட்டுப் போட்ட சக்கரம் வைத்துத் தள்ளுங்கள். பூட்டு முக்கியம். மாடியில் ஆள் நிற்கும்போது செட் நகர்ந்தால் அது நகைச்சுவை இல்லை.

தேதி ஐப்பசி கார்த்திகையில் வேண்டாம். ஒரு தடவை அடைமழையில் கடலூரில் நாடகம் போட்டோம். பிளைவுட் கதவு ஈரத்தில் ஊதிக்கொண்டு, நாயகன் தோளால் இடித்தும் திறக்கவில்லை. அவர் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதித்து வந்தார். கதாநாயகி கண் சிமிட்டாமல், 'வாசல்ல கோலம் இன்னும் காயலியா?' என்றாள். அன்றைக்கு வாங்கிய பெரிய கைதட்டல் அதற்குத்தான். ஆனால் ஃப்ரெய்ன் நாடகத்தில் இந்தச் சாமர்த்தியம் உதவாது. எந்தக் கதவு எந்த நொடியில் சிக்கவேண்டும் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். தானாகவும் ஒரு கதவு சிக்கிக்கொண்டால் எல்லாம் குழம்பிவிடும்.

மூன்றாவது, ஒத்திகை. இரண்டாவது அங்கத்தை வசனம் இல்லாமல் அசைவு மட்டும் வைத்து, மெதுவாக, எண்ணிக்கை சொல்லிப் பழகுங்கள். முழு வேகம் கடைசியில் வரட்டும். கோடரி மரத்திலோ ரப்பரிலோ இருக்கட்டும்.

வடை வேண்டாம். வடை வழுக்காது. தட்டில் இருப்பது ஈரமாக, பிசுபிசுப்பாக, தரையில் விழுந்தால் ஆளைச் சறுக்கிவிடுவதாக, உடுப்பில் பட்டால் பார்க்கிறவர் மூக்கைச் சுளிப்பதாக இருக்கவேண்டும். மத்தியே இருக்கட்டும். ஆனால் துறைமுகத்துக்குப் போய் நிஜ மீன் வாங்கி வராதீர்கள். மூன்று மணி நேர விளக்குச் சூட்டில் முதல் வரிசை எழுந்து போய்விடும். ரப்பர் மீன் செய்து எண்ணெய் தடவுங்கள். காட்சி முடிந்ததும் மேடையைத் துடைக்க ஒரு ஆள் வேண்டும். அவன் பெயரையும் நோட்டீசில் போடுங்கள்.